வெல்டிங்காரரிடம் அம்மா சொன்னது

அம்மாவை முதல் தடவை தண்டவாளத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தது நானில்லை, பக்கத்து வீட்டு அக்கா. அக்கா வாசலில் உட்கார்ந்து பூக்கட்டி விற்பவள். அன்றைக்கு எதிர் வீட்டில் பூக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அப்போது திண்டிவனத்தில் வேலையில் இருந்தேன். அக்கா போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு தெருவும் ஒரு சாக்கடை வாய்க்காலும் கொஞ்சம் வேலிக்கருவைப் புதரும்தான் இருக்கின்றன. அப்பா அந்தப் பாதையில் கேங்மேனாக இருந்தவர். சம்மட்டியால் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தபடி நடந்துகொண்டே இருப்பார். மதியச் சோற்றை அம்மாதான் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்பா செத்துப்போய் நெடுங்காலம் ஆகிறது. அம்மாவுக்கு அது மறந்துபோனது. வாய்க்காலை எந்தக் கல் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும், முள்ளில் எங்கே சந்து இருக்கிறது என்பதெல்லாம் மறக்கவில்லை. மறதி நோய் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, இவ்வளவு பார்த்துப் பார்த்து மறக்கும் நோயாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இனிமே இப்படித்தாம்மா போவும். பத்திரமா பாத்துக்குங்க" என்றார் டாக்டர். பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போயாக வேண்டும். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மாவும் நானும்தான். மரக்கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போனால் வீடு இருட்டிப் போகும். அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிக்கொண்டாள். அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசல் வராந்தாவை அடைத்து ஒரு கம்பிக் கேட் போட்டுவிட்டால் வெளிச்சமும் காற்றும் வரும், அக்கா தன் வாசலிலிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம், அவளிடம் ஒரு சாவியும் இருக்கும் என்று யோசித்தேன். அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு இது கொஞ்சம் கௌரவமான வழி, அவ்வளவுதான். நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கிற கடைக்குப் பக்கத்தில் கிரில் பட்டறை வைத்திருந்தவரிடம் சொன்னேன். "நாளைக்கே வந்து அளவெடுத்துடறேன் மேடம்" என்றார். மறுநாள் கேட்டால் அன்றைக்கும் நாளைக்குத்தான். மனுஷன் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. அவருடைய நாளைக்குக் காத்திருந்தால் அம்மாவை ரயில் அடித்துவிடும் என்று பட்டது. நானே செய்வது என்று உட்கார்ந்தேன்.

எனக்கு வெல்டிங் தெரியும் என்பது எங்கள் தெருவில் ரொம்ப நாளாக ஒரு சிரிப்புச் சமாசாரம். நான் வேலை பார்ப்பது இரும்புக் கடையில். பில் போடுகிற வேலை. பட்டை, ஆங்கிள், சேனல், சதுரப் பைப் என்று பகலெல்லாம் இரும்பின் பெயர்களை டைப் அடிப்பேன். இரும்பைத் தொட்டதில்லை. ஒரு நாள் எரிச்சல் வந்து, தொட்டுத்தான் பார்ப்போமே என்று சின்னதாக ஒரு வெல்டிங் மிஷின் வாங்கினேன். தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவுதான் இருக்கும். மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலில் செய்தது பூந்தொட்டி வைக்கிற ஸ்டாண்ட். அது ஆடும். "பொம்பளப் புள்ளைக்கு இந்த பேஜாரு தேவையா? ஒரு ரங்கோலி கிங்கோலி கத்துக்கக் கூடாதா?" என்றாள் அக்கா. ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் தேங்காய் ஓடு வைத்தும் கொடுத்தாள்.

மெல்லிய பைப்பில் வெல்டிங் அடிப்பது கஷ்டம். கரண்ட்டைக் கூட்டினால் ஓட்டை விழும். குறைத்தால் உருகின இரும்பு உள்ளே இறங்காமல் மேலேயே புழு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பார்க்க ஒட்டின மாதிரியே இருக்கும், கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் பிட்டுக்கொண்டு வந்துவிடும். பூந்தொட்டி ஸ்டாண்டில் அப்படி இருந்தால் செடி விழும். இந்தக் கேட்டில் அப்படி இருக்கக் கூடாது. அம்மாவுக்குக் கையில் அசாத்திய பலம் வந்திருந்தது. குளிப்பாட்டும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தால் விரல் தடம் மறுநாள் வரைக்கும் இருக்கும்.

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. வானம் காலையிலிருந்தே சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஈரத்தில் வெல்டிங் ராடெல்லாம் நமுத்துப் போயிற்று. நமுத்த ராடில் அடித்தால் பொரிந்து தெறிக்கும், வெல்டிங்கில் பொத்தல் பொத்தலாக விழும். ராடுகளைத் தோசைக்கல்லில் பரப்பி அடுப்பில் வைத்துச் சூடு காட்டினேன். அம்மா சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். "இரும்ப வறுக்கறா பாரு" என்று சுவரிடம் சொன்னாள். என்னிடம் பேசுவதை அவள் நிறுத்தியிருந்தாள். நான் இன்னார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பிடிக்காத யாரோ ஒருத்தி என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வேலையை ஆரம்பித்தேன். ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தோல் ஏப்ரன், கையுறை, தலைமுடியை உள்ளே தள்ளிக் கட்டின துண்டு, அதன் மேல் முகத்தை முழுக்க மூடுகிற மாஸ்க். அந்த மாஸ்க்கின் கண்ணாடி சும்மா இருக்கும்போது வெளிர் பச்சையாக இருக்கும், தீப்பொறி எழுந்தால் தானாகவே கறுத்துவிடும். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணலை வாரிக் கொட்டின மாதிரி இருக்கும். அது எப்படி இருக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். அம்மா பார்த்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு தார்ப்பாயைத் திரையாகக் கட்டி, அதற்கு அந்தப் பக்கம் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

சட்டத்தின் நாலு மூலைகளையும் புள்ளி வைத்த மாதிரி ஒட்டிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமாக இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தார்ப்பாய் விலகியது.

"ஏம்பா, தண்ணி குடிக்கிறியா?"

யாரோ ஆள் வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். தெருவில் யாரும் இல்லை. அம்மா என்னைத்தான் கேட்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். எத்தனையோ மாதமாக அவள் கையால் எனக்கு எதுவும் கொடுத்ததில்லை. சந்தோஷத்தில் மாஸ்க்கைத் தூக்கிவிட்டேன்.

அம்மாவின் முகம் மாறியது. பயமும் வெறுப்பும் கலந்து, தினமும் நான் பார்க்கிற முகமானது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

அடுத்த தடவை நான் மாஸ்க்கைத் தூக்கவில்லை. தாடைக்கு அடியில் கொஞ்சம் நெம்பி அண்ணாந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். சட்டையெல்லாம் நனைந்தது. அம்மா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். பச்சைக் கண்ணாடிக்குள் அவள் முகம் சாந்தமாகத் தெரிந்தது.

"யாரு வூட்டுக்குப்பா இந்தக் கேட்டு?"

மாஸ்க்குக்குள் பேசினால் என் குரல் எனக்கே அடையாளம் தெரியாது. "இந்த வூட்டுக்குத்தாம்மா" என்றேன்.

"இந்த வூட்டுல இன்னா இருக்குது, திருடன் வர?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் பொம்பள போடச் சொன்னாளா?"

"எந்தப் பொம்பளம்மா?"

"அதாம்பா, கண்ணாடி போட்டுக்கினு இருப்பாளே. காலையில பூட்டிட்டுப் போவா, சாயந்தரம் வந்து தொறப்பா. சோறு போடறா, இல்லன்னு சொல்லல. ஆனா புடிச்சி இழுத்துக்கினு போயித் தண்ணிய ஊத்தறா. எங்க வூட்டுக்காரருக்குச் சோறு எடுத்துக்கினு போவ வுட மாட்டேங்கறா. நல்ல பொம்பள இல்லப்பா அவ."

நான் கையிலிருந்த சுத்தியலால் வெல்டிங் மேல் படிகிற கசடைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அங்கே தட்ட ஒன்றும் இல்லை.

"ஒங்களுக்குப் புள்ளைங்க இல்லியாம்மா?"

"ஏன் இல்ல? ஒரு பொண்ணு இருக்குது. திண்டிவனத்துல இரும்புக் கடையில வேல செய்யுது. கோவக்காரி. அது மட்டும் வரட்டும், இவளத் தலமுடியப் புடிச்சி வெளிய தள்ளிடும்."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் கண்ணாடி பனித்துவிடும், துடைக்கவும் முடியாது. கண் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெல்டிங்காரர் களைத்துப் போயிருக்கிறார் என்று அம்மா நினைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து வந்ததும் மாஸ்க்கை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். முதலில் அக்கா வீட்டில் நுழைந்து சட்டையையும் ஏப்ரனையும் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அம்மாவின் முகம் மலர்வதைப் பார்த்த பிறகு அவளும் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். அம்மா எனக்காக வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நான் தின்பதில்லை என்று வருத்தப்படுவாள். "ஏம்பா, வெரதமா?" என்பாள்.

என்னிடம் சொல்லாததையெல்லாம் அவள் வெல்டிங்காரரிடம் சொன்னாள். அப்பா அவளை ஒரே ஒரு தடவை அடித்தது, அதற்காக அவள் மண்டகப்பட்டில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது, அப்பா வந்து வாசலில் நின்று ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டே இருந்தது. ஒரு நாள் என் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எம்பொண்ணு கல்யாணம் வாணாம்னுடுச்சுப்பா. ஊரே கேட்டுச்சு, ஏன் ஏன்னு. நான் ஒரு நாளும் கேக்கல."

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா அது அழுவும். எனக்குத் தெரியும்."

அம்மா கேட்கவே இல்லை என்பதுதான் இத்தனை வருஷமாக அவள் மேல் எனக்கிருந்த கோபம். இவளுக்கு என் மேல் அக்கறை இல்லை என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். உனக்குத் தெரிந்திருந்தால் அதை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தத் தோன்றியது. யாரிடம் கத்துவது? எதிரில் இருந்தவளுக்கு நான் கூலிக்கு வந்த ஒரு ஆள்.

அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அன்றைக்கு நான் சட்டத்தின் ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே மூச்சாக வெல்டிங் அடித்துவிட்டேன். செய்யக் கூடாத வேலை அது. இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், குறுக்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடித்தால்தான் சூடு சமமாகப் பரவும். ஒரே பக்கம் அடித்தால் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி மொத்தச் சட்டத்தையும் இழுத்துவிடும். ஆறினதும் தரையில் போட்டுப் பார்த்தேன். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அறுத்துப் பிரித்து மறுபடியும் சேர்க்க வேண்டும். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்கு வேலை இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது.

அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. "கேட்ட ஜல்தியா முடிம்மா" என்றாள். "எம்பொண்ணுக்கு இது பிரசவ மாசம். நான் திருவாமாத்தூர் போயிட்டேன்னா இங்க யாரு பாப்பா? நீ வேசம் போட்டுக்கினு பேசிக்கினே இருந்தா ஒங்கம்மா ஒரு நாளு போயிச் சேந்துடும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வாரமே சட்டத்தைச் சரி செய்தேன். ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று பொறுமையாக அடித்தேன். கம்பிகளை வைத்தேன். அம்மா வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த கேட்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். புதுசாக நிலையோ கதவோ வந்தால் வைப்பதுதான். புருஷன் போன பிறகு அம்மா இந்த மாதிரிக் காரியத்துக்கெல்லாம் முன்னே வந்ததில்லை, மற்றவர்களும் கூப்பிட்டதில்லை. இப்போது அவளுக்குப் புருஷன் உயிரோடு இருந்தார். விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டாள். அக்கா வாயைத் திறந்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தன்னைப் பூட்டப்போகிற கேட்டுக்குத்தான் அம்மா பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

கீல் வைத்துச் சுவரில் கேட்டைத் தொங்கவிட்டாயிற்று. கொண்டிதான் பாக்கி. கடையில் விற்கிற கொண்டி அம்மாவுக்கு ஒரு நிமிஷ வேலை. உள்ளேயிருந்து கை எட்டாதபடி வளைந்து கீழே இறங்குகிற கொண்டி வேண்டும். அதைக் காய்ச்சி அடித்துத்தான் செய்ய வேண்டும். காலி பெயின்ட் டப்பாவுக்குள் களிமண் பூசி ஒரு சின்ன உலை வைத்திருந்தேன். வேலிக்கருவைக் கரியைப் போட்டு, முடி உலர்த்துகிற மிஷினால் காற்று ஊதினால் கம்பி செக்கச் செவேலென்று பழுத்துவிடும். ஆரஞ்சு நிறம் வரும்போது எடுத்து அடிக்க வேண்டும். கறுத்த பிறகு அடித்தால் விரிசல் விடும், வெள்ளையாகிப் பொறி பறக்க விட்டால் இரும்பு எரிந்தே போய்விடும். அடிகல்லுக்குக் காயலான் கடையிலிருந்து ஒரு துண்டுத் தண்டவாளம் வாங்கி வந்து மரக்கட்டை மேல் வைத்திருந்தேன். என்னை மாதிரிப் பொழுதுபோக்குக்கு இரும்படிக்கிறவர்கள் எல்லோரும் தேடுவது அதைத்தான். அதற்கு முன் எங்கள் வீட்டில் அதன் மேல் சம்மட்டி விழுந்ததில்லை.

உலை வேலைக்கு வெல்டிங் மாஸ்க் போட முடியாது. நெருப்பின் நிறம் தெரியாது. அதனால் அம்மா தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஞாயிறு மதியம் பின்கட்டில் உலையை மூட்டினேன். கம்பி பழுத்தது. எடுத்து வைத்து அடித்தேன். தண்டவாளம் கணீர் கணீரென்று மணி மாதிரி பேசியது. தெருவுக்கே கேட்டிருக்கும். நாலு அடி அடித்து, கம்பியை மறுபடி நெருப்பில் வைத்து, எடுத்து, வளைத்து, அடித்து. நன்றாக வந்துகொண்டிருந்தது. கை வேலையில் இறங்கிவிட்டால் எனக்கு வேறெதுவும் காதில் விழாது.

தண்டவாளத்தை ஒருத்தர் சம்மட்டியால் தட்டுகிற சத்தம் எங்கள் வீட்டில் யாருடைய சத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொண்டியைத் தண்ணீரில் தோய்த்துவிட்டு உள்ளே வந்து பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. டிபன் கேரியர் இல்லை. கொண்டி இல்லாத கேட் திறந்து கிடந்தது.

ஓடினேன். அக்காவும் பின்னாலேயே ஓடி வந்தாள். வாய்க்காலைத் தாண்டி முள்ளுக்குள் புகுந்து மேலே ஏறினால், அம்மா இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஜல்லி மேல் நின்று, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். "இப்பதான் சத்தம் கேட்டுச்சு, எங்க போயிட்டாரு" என்று அக்காவிடம் சொன்னாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் உதறினாள். கேரியரால் என் தோளில் அடித்தாள். "தொடாதடி! யாருடி நீ? இங்கயும் வந்துட்டியா?" என்று கத்தினாள். நானும் அக்காவும் சேர்ந்து இழுத்தோம். அவள் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள். எங்களால் அசைக்க முடியவில்லை. தூரத்தில் சிக்னல் பச்சைக்கு மாறியிருந்தது.

"அத எடுத்துக்கினு வா, ஓடு" என்றாள் அக்கா. எதை என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடி ஏப்ரனை மாட்டிக்கொண்டு, துண்டைக் கட்டி, மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்ப ஓடினேன். பச்சைக் கண்ணாடிக்குள் முள் சரியாகத் தெரியவில்லை, காலெல்லாம் கிழித்தது. மேலே ஏறும்போது ஹாரன் சத்தம் கேட்டது. அம்மாவின் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை.

"அம்மா, வாங்க. ஒங்க பொண்ணு வந்துடுச்சு. வூட்டுல இருக்குது."

"வந்துடுச்சாப்பா?" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று சரிவில் இறங்கினாள். நாங்கள் வாய்க்காலைத் தாண்டும்போது மேலே ரயில் போயிற்று. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திண்டிவனத்துலேர்ந்து வர்ற புள்ள, பசியோட இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். கேரியரை மார்போடு அணைத்திருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நோய் வந்ததிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. முன் அறையில் பார்த்தாள், சமையலறையில் பார்த்தாள், பாத்ரூம் கதவைத் தட்டிப் பார்த்தாள். பின்கட்டுக்குப் போய் உலையைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் என் எதிரில் வந்து நின்றாள்.

"வந்துடுச்சுன்னியே, எங்கப்பா?"

எப்படியும் இன்றைக்குத் தெரிந்துவிடும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாளே என்று ஒரு நப்பாசை. மாஸ்க்கைக் கழற்றினேன். துண்டையும் அவிழ்த்தேன். "நான்தாம்மா" என்றேன்.

அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். இந்தத் தடவை கத்தவில்லை, பயப்படவும் இல்லை. அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்திருந்தது. வீட்டுக்கு ஆள் வந்துவிட்ட தைரியம். கேரியரைக் கீழே வைத்தாள்.

"எம்பொண்ணு வந்துடுச்சாம்" என்றாள் என்னிடம். "இத்தினி நாளு சோறு போட்ட, அதுக்கு ஒண்ணும் சொல்லல. இனிமே அது என்னப் பாத்துக்கும். நீ கெளம்பு."

அப்புறம் சமையலறைக்குப் போய் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். எனக்காகச் சோறு போட்டு வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இருட்டுவதற்குள் கொண்டியைக் கேட்டில் வைத்து வெல்டிங் அடித்து முடித்தேன். கரண்ட்டைச் சரியாக வைத்திருந்தேன், இரும்பு நன்றாக உள்ளே இறங்கியிருந்தது. முழு பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.